களத்துல விழுந்த சொட்டு ஆயில்

போன மாசம் களத்துல மக்காச்சோளம் காயப்போட்டிருந்தோம். இடம் பத்தாம லாரிய ஒரு ஓரமா ஒதுக்கி நிறுத்தியிருந்துச்சு. மூணாம் நாள் காலையில வண்டிய நகர்த்தினா, சிமெண்டுத் தரையில உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பா ஒரு வட்டம். அதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் சோளம் கிடந்துச்சு. வீட்டுக்காரம்மா பார்த்துட்டு, “இந்த எண்ணெய் பட்ட சோளத்த மாடு கூட மோந்து பார்க்காதுங்க”ன்னு சொல்லிட்டு வெளக்கமாத்த எடுத்துட்டு வந்துட்டாங்க.

இந்த லாரி என் ஒருத்தன் சொத்து இல்லீங்க. நானும், சித்தப்பா மகனும், இன்னொரு பங்காளியும் சேர்ந்து பழசா வாங்கினது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். தம்பிதான் ஓட்டுறான். குச்சிக்கிழங்கு வெட்டுற காலத்துல ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு ஏத்தும். மத்த நாள்ல மஞ்சள், சோளம்னு வாடகைக்கு ஓடும். கிழங்கு போட்டவங்களுக்குத் தெரியும், வெட்டின கிழங்கு ரெண்டு நாள் காட்டுல கிடந்தா மாவு இறங்கிரும். மில்லுல பாயிண்ட் பார்த்துத்தான் காசு. அதனால வெட்டு நடக்கிறப்போ வண்டி பட்டறையில படுத்துக்கிட்டா நஷ்டம் எங்க மூணு பேருக்கு மட்டும் இல்ல, கிழங்கு வெட்டினவங்களுக்கும் சேர்த்துத்தான்.

தம்பிகிட்ட கேட்டேன். “டீசல் வண்டின்னா ஒழுகத்தாண்ணா செய்யும், விடுங்க”ன்னான். பட்டறையில காட்டினா, “பின் ஆயில் சீல் போயிருச்சுங்க. கியர்பாக்ஸ் இறக்கணும், கிளட்ச் கழட்டணும், பிளைவீல் கழட்டணும். நாலு நாள் ஆகும், 22,000 ரூவா ஆகும்”னு சொல்லிட்டாங்க. சீல் விலை சில நூறுதான், மிச்சமெல்லாம் கூலி. எனக்குக் கோபம் என்னன்னா, இதே சீலை எட்டு மாசத்துக்கு முன்னாடிதான் வேற ஒரு பட்டறையில மாத்தினோம். அப்பவும் இதே மாதிரி காசு, இதே மாதிரி நாலு நாள். எட்டு மாசத்துல ஏன் போச்சுன்னு கேட்டா ரெண்டு பட்டறையிலயும் பதில் இல்ல. “மால் அப்படி வருதுங்க”ங்கிறாங்க.

சரி, ஒழுகுறதுன்னா என்னதான்னு நாமே தெரிஞ்சுக்குவோம்னு மகனோட போன்லயும், எங்கிட்ட இருந்த ரெண்டு பழைய வண்டிக் கையேட்டுலயும் ராத்திரி ராத்திரியா படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. ஒரு காலத்துல மெஷின்னா எண்ணெய் வெளிய போறதுதான் வழக்கம். போகாம பிடிச்சு வைக்கணும்ங்கிற எண்ணமே பின்னாடி வந்ததுதான்.

நம்ம மாட்டு வண்டியவே எடுத்துக்குங்க. எங்க அப்பாரு காலத்து வண்டிக்கு அடியில மூங்கில் குழாய் ஒண்ணு தொங்கும். அதுல வண்டி மை. வைக்கோலக் கருக்கி, அந்தக் கரியில விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சது. கடையாணியக் கழட்டி, சக்கரத்த இழுத்து, அச்சுல தடவுவாங்க. ஓட ஓட அது குடத்தோட ஓரத்துல கருப்பா வழிஞ்சு வெளிய வரும். யாரும் “வண்டி ஒழுகுது”ன்னு சொன்னது இல்ல. தீர்ந்தா மறுபடி தடவு, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் மெஷினும் ரொம்ப காலம் இப்படித்தான் ஓடியிருக்குது. பேரிங்குக்கு மேல ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதுல இருந்து சொட்டுச் சொட்டா எண்ணெய் இறங்கும், வேலைய முடிச்சுட்டுக் கீழ தரையில விழும். முதல் உலகப் போர்ல பறந்த விமானங்கள் நிறையத்துக்கு இன்ஜினே சுத்துற மாதிரி இருக்கும். அதுக்கு ஊத்தினது நம்ம விளக்கெண்ணெய்தான். உள்ள போன எண்ணெய் அம்புட்டும் புகையோட வெளிய வந்து ஓட்டுறவன் மூஞ்சியில அடிக்கும். அந்தப் புகைய முழுங்கி விமானிகளுக்கு வயித்தால போகும்னு சொல்லுவாங்க. சிரிப்பா இருந்தாலும், குழந்தைக்கு விளக்கெண்ணெய் குடுத்து வளர்த்த நமக்கு அது நம்பக்கூடிய கதைதான். காஸ்ட்ரால்ங்கிற ஆயில் பேரே ஆமணக்குக்கு இங்கிலீசுல இருக்கிற காஸ்டர்ங்கிற பேர்ல இருந்துதான் வந்துச்சு. 1909-ல வச்ச பேரு.

இதை மாத்தினது இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல இருந்த பெல்லிஸ் கம்பெனியில வேலை பார்த்த பெய்ன்ங்கிற ஆளு. 1890 வாக்குல, வேகமா சுத்துற நீராவி இன்ஜினுக்குச் சொட்டு எண்ணெய் பத்தலைன்னு, அடியில ஒரு தொட்டி வச்சு, பம்பு போட்டு, எண்ணெய அழுத்தத்தோட பேரிங்குக்கு அனுப்பினார். வேலை முடிச்ச எண்ணெய் தானா கீழ வடிஞ்சு மறுபடி தொட்டிக்கே வரும். இன்னைக்கு நம்ம லாரியில ஆயில் சேம்பர், ஆயில் பம்பு, பில்டர்னு இருக்கிறதெல்லாம் அந்த ஏற்பாடுதான். கிணத்துத் தண்ணிய மோட்டார் போட்டு மேட்டுக்கு ஏத்துறோம், அது வாய்க்கால்ல பாய்ஞ்சு, கசிஞ்சு, மறுபடி கிணத்துக்கே ஊறி வர்ற மாதிரி. இதுல ரெண்டு பக்கம் இருக்குதுங்க. ஒண்ணு பம்பு தள்ளுற பக்கம், இன்னொண்ணு தானா வடியுற பக்கம். இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்குங்க. எங்க மாமா லாரி போன கதையே இதுலதான் இருக்குது. அதைப் பின்னாடி சொல்றேன்.

டீசல் இன்ஜினக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசல் 1893-ல பேடண்ட் வாங்கி, ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் ஊர்ல 1897-ல ஒழுங்கா ஓடுற இன்ஜின நிறுத்திக் காட்டினார். ஆள் உயரத்துக்கும் மேல, டன் கணக்குல எடை. டீசல உள்ள பீச்சுறதுக்கே தனியா ஒரு காத்துக் கம்ப்ரசர் வேணும். இதை எங்க வண்டியில வைக்கிறது? ஆலைக்கும் கப்பலுக்கும்தான் ஆச்சு. அந்த மனுசனும் 1913-ல கப்பல்ல போறப்போ ராத்திரி காணாமப் போயி, கடல்லதான் பிணம் கிடைச்சுது. காத்து இல்லாம டீசல நேரா அழுத்திப் பீச்சுற வழி வந்த பிறகு, 1923, 24 வாக்குலதான் பென்ஸும் எம்.ஏ.என்னும் டீசல் லாரிய ரோட்டுக்குக் கொண்டு வந்தாங்க. 1927 கடைசியில பாஷ் கம்பெனி பம்பு செஞ்சு விக்க ஆரம்பிச்சதும் மத்தவங்களுக்கும் வழி திறந்துச்சு.

ஆனா லாரியில வந்த உடனே புதுசா ஒரு தொல்லை. ஆலையில நிக்கிற இன்ஜின் ஒழுகினா தட்டு வச்சுப் பிடிச்சுக்கலாம். ரோட்டுல ஓடுற வண்டி? அதுலயும் கிராங்க் ஷாப்ட் இன்ஜினுக்குள்ள எண்ணெயில குளிச்சுக்கிட்டே இருக்குது, அதோட வால் பக்கம் வெளிய வந்து பிளைவீலத் தூக்கிட்டுச் சுத்துது. சுத்துற இரும்புக்கும் நிக்கிற இரும்புக்கும் நடுவுல சந்து இல்லாம இருக்க முடியாது. சந்து இருந்தா எண்ணெய் வரும். அந்தச் சந்த எப்படி அடைக்கிறது?

அடைக்கிற வித்தை இன்ஜினவிட வயசு கூடினது. 1712-ல நியூகோமன் செஞ்ச நீராவி இன்ஜின்ல பிஸ்டனச் சுத்தித் தோல் வச்சு, அதுக்கு மேல தண்ணிய நிறுத்தி அடைச்சார். பின்னாடி வந்த ஜேம்ஸ் வாட், சிலிண்டர் எப்பவும் சூடாவே இருக்கணும், தண்ணி நிறுத்தினா ஆறிரும்னு, நார்க்கயித்தைக் கொழுப்புல ஊறவச்சுத் திணிச்சார். அந்தக் கயிறு நூறு, நூத்தம்பது வருசம் நிலைச்சுது. பழைய டீசல் இன்ஜின் நிறையத்துல, நம்ம ஊர்ல ஓடின டிராக்டர் இன்ஜின்லயே கூட, பின் சீல்னா கயிறுதான். ரெண்டு பாதியா வச்சு, உருட்டி அமுக்கி, கிராங்குச் சுத்தி மாட்டுவாங்க. இன்னும் சில இன்ஜின்ல அந்தக் கயிறும் இல்ல. கிராங்க்லயே மரை வெட்டியிருக்கும். சுத்துறப்போ அந்த மரை எண்ணெய உள்பக்கமாத் தள்ளும். ஓடுறப்போ ஒழுகாது, நிறுத்தினா ரெண்டு சொட்டு விழும். “டீசல் வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்”ங்கிற பேச்சு அந்தக் காலத்து இன்ஜினுக்கு நூத்துக்கு நூறு உண்மை. தம்பி சொன்னது தப்பில்ல, காலம்தான் தப்பு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி இனிமேதான். ஜெர்மனியில வைன்ஹைம்ங்கிற ஊர்ல ப்ராய்டன்பெர்க்னு ஒரு தோல் ஷாப்பு. 1849-ல ஆரம்பிச்சது. மோட்டாருக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, தோல் பதனிடுறதுதான் தொழில். 1929-ல உலகம் பூரா வியாபாரம் படுத்தப்போ தோலுக்கும் கிராக்கி போச்சு. இருக்கிற தோல வச்சு வேற என்ன செய்யலாம்னு பார்த்து, மோட்டார் கம்பெனிகளுக்குத் தோல்ல வளையம் வெட்டிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. அங்க வேலை பார்த்த வால்ட்டர் சிம்மர்ங்கிற இன்ஜினியர் 1932-ல அந்தத் தோல ஒரு இரும்புக் கூட்டுக்குள்ள வச்சு, தோலோட உதட்டைச் சுத்தி மெல்லிசா ஒரு ஸ்பிரிங் போட்டு, அது எப்பவும் ஷாப்டை இதமாப் பிடிச்சுக்கிற மாதிரி செஞ்சார். நாம கடையில போயி “ஆயில் சீல்”னு கேட்டு வாங்குற சாமான் அதுதாங்க. 1936-ல தோலுக்குப் பதிலா செயற்கை ரப்பர் வந்துச்சு. ஜெர்மன்காரங்க இன்னும் ஆயில் சீல சிம்மர் வளையம்னுதான் சொல்றாங்களாம்.

இதைப் படிச்சதும் எனக்குக் கவலைதான் ஞாபகம் வந்துச்சு. மனக்கவலை இல்லீங்க, கிணத்துல மாடு கட்டி இறைக்கிற கவலை. சாலுக்கு அடியில தோல் தும்பி இருக்கும்ல, அதை விளக்கெண்ணெய் தடவிப் பதமா வச்சிருப்பாங்க. காஞ்சு விறைச்சா வெடிச்சுத் தண்ணி பூராக் கிணத்துக்கே திரும்பிரும். மாடு மேல ஏறி வர்றதுக்குள்ள பாதிச் சாலுதான் மிஞ்சும். தோல் தைக்கிறவர் வந்து உட்கார்ந்தா முதல்ல தும்பியத் தொட்டுப் பார்க்க மாட்டார், சால் தொங்குற கோணத்தைப் பார்ப்பார்னு அப்பாரு சொல்லுவார். தும்பி கிழிஞ்சா அதை மட்டும் தைச்சுட்டுப் போனா ஒரு வாரத்துல மறுபடி கிழியும், எங்க உரசுதுன்னு பார்க்கணும்னு. அப்போ அது காதுல விழுந்ததோட சரி.

சுத்துற இடத்துக்கு இப்படின்னா, சுத்தாத இடத்துக்குப் பேக்கிங். ராக்கர் கவருக்கும் ஆயில் சேம்பருக்கும் கார்க்கு. போர்ச்சுக்கல்ல ஒரு வகை ஓக் மரத்தோட பட்டை அது. ஒருக்கா உரிச்சா மறுபடி உரிக்க ஒன்பது வருசம் காத்திருக்கணும். நம்ம ஆளுங்க ஒழுகுதுன்னு போல்ட்ட இறுக்கி இறுக்கியே கார்க்க நசுக்கிப் பிதுக்கிருவாங்க, அப்புறம் முன்னைவிட ஒழுகும். பேக்கிங் கிடைக்காத ஊர்ல கல்யாணப் பத்திரிகை அட்டைய மூடி மேல வச்சு, உருண்டைத்தலைச் சுத்தியலால ஓரத்துல தட்டித் தட்டியே அளவா வெட்டி எடுக்கிற மெக்கானிக்குகளைச் சின்ன வயசுல வேடிக்கை பார்த்திருக்கேன். அதுக்கு மேல தடவுறது ஷெல்லாக். அதுவும் வெளிநாட்டுச் சரக்கு இல்லீங்க, ஜார்க்கண்டு பக்கத்துக் காட்டு மரத்துல பூச்சி கட்டுற நம்ம அரக்குதான், ஸ்பிரிட்டுல கரைச்சது. இப்ப எல்லாம் சிலிக்கான் பசை. அதை அளவுக்கு மேல அப்பினா உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு போயி பம்பு சல்லடையில அடைச்சுக்கும். ஒழுகுறதை நிறுத்தப் போயி இன்ஜினுக்குப் பட்டினி போட்ட கதையாகும்.

நம்ம நாட்டுல எண்ணூர்ல 1948-ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. ஜாம்ஷெட்பூர்ல டாட்டா, பென்ஸ் கம்பெனியோட சேர்ந்து 1954-ல லாரி விட்டாங்க. சென்னையில சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் இன்ஜின் செஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு நம்ம பக்கம் லாரி பெருகிச்சு. மழை பொய்ச்ச காட்டுல விவசாயத்த நம்பி இருக்க முடியாதுன்னு பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கின காலம். எங்க தாய்மாமனும் அப்படித்தான் வாங்கினார்.

1983-னு நினைப்பு, நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். பழைய வண்டி. அந்தக் காலத்துல டேஷ்போர்டுல ஆயில் பிரஷர் மீட்டர்னு ஒரு முள்ளு இருக்கும். அதுக்கு இன்ஜின்ல இருந்து விரல்விடச் சன்னமா ஒரு செம்புக் குழாய் வரும். அந்தக் குழாய் மாட்டுற இடத்துல லேசாக் கசிவு. ஒரு நாளைக்கு நாலு சொட்டு இருக்குமோ என்னமோ. டிரைவர் நூலைச் சுத்தி, மேல பார் சோப்பத் தேய்ச்சு விட்டிருந்தார். டீசல் டேங்கு ஓட்டைக்குச் சோப்பு நிக்கும், அதே நம்பிக்கை. மாமாவும் பார்த்தார். “சொட்டுதானே”ன்னார்.

அந்தச் சொட்டு பம்பு தள்ளுற பக்கத்துச் சொட்டு. தொப்பூர் கணவாயில லோடோட ஏறுறப்போ குழாய் அந்த இடத்துலயே முறிஞ்சுது. ராத்திரி. முள்ளு எப்பவோ வேலை செய்யறத நிறுத்தியிருந்ததால யாரும் அதைப் பார்க்கல. சேம்பர்ல இருந்த ஆயில் பூரா சில நிமிசத்துல ரோட்டுல. இன்ஜின் தட்டுற சத்தம் கேட்டு டிரைவர் நிறுத்துறதுக்குள்ள பேரிங் பிடிச்சு, கிராங்க் போச்சு. வண்டிய கட்டி இழுத்துட்டு வந்தாங்க. மாமா கிணத்தடிக் காட்டுல ஒன்றரை ஏக்கர் வித்தார். அத்தை அந்தக் காட்டுப் பக்கம் நடந்து போறதையே அப்புறம் விட்டுட்டாங்க.

அதனாலதான் களத்துல அந்தக் கருப்பு வட்டத்தப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறிச்சு. ஆனா படிச்சப்புறம் கேள்வி வேற ஆச்சு. எவ்வளவு ஒழுகுதுங்கிறது ரெண்டாவது. எந்தப் பக்கத்துல இருந்து ஒழுகுதுங்கிறதுதான் முதல்ல. பிரஷர் குழாய், பில்டர், டர்போவுக்குப் போற பைப், பிரஷர் சுவிட்ச், இதுலயெல்லாம் கசிஞ்சா அது சொட்டா இருந்தாலும் வண்டிய எடுக்கக் கூடாது. ராக்கர் கவர், சேம்பர் பேக்கிங், கிராங்க் சீல், இதெல்லாம் வடியுற பக்கம். அளவைப் பார்த்துப் பார்த்து ஓட்டலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்தோம். ஆயில் காத்துல பறந்து பின்னாடி போயி ஒட்டும்கிறதால ஈரம் இருக்கிற இடமெல்லாம் ஒழுகுற இடம் இல்ல. இன்ஜினை டீசல் போட்டுக் கழுவி, துடைச்சு, காயவிட்டு, பேத்தியோட முகப்பவுடர மேல தூவினோம். அரை மணி நேரம் ஸ்டார்ட்டுல விட்டா, கோடு கிழிச்ச மாதிரி தெரிஞ்சுது. பிரஷர் பைப், பில்டர் பக்கம் பொட்டு ஈரம் இல்ல. பிளைவீல் கூட்டுக்கு அடியில இருக்கிற ஓட்டையிலதான் சொட்டு. கியர் ஆயில்னா கந்தக நாத்தம் அடிக்கும். இதுல அது இல்ல, இன்ஜின் ஆயில்தான். அப்போ பட்டறைக்காரர் சொன்னது சரி, பின் சீல்தான். ஆனா எட்டு மாசத்துல ஏன்?

ஓடிட்டு இருக்கிறப்பவே ஆயில் ஊத்துற மூடியத் திறந்தேன். குப்புக் குப்புன்னு காத்து வந்து மூடி கையில துள்ளிச்சு. பிஸ்டன் ஓரமா கொஞ்சம் காத்து கீழ இறங்குறது எல்லா டீசல் இன்ஜின்லயும் உண்டு. அது வெளிய போகத்தான் பிரீத்தர் குழாய்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அதைத் தடவிக்கிட்டே போனா, முனையில ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஒரு வருசத்துக்கு முன்னாடி, குழாயில இருந்து எண்ணெய்ப் பசை சொட்டுதுன்னு தம்பி துணியத் திணிச்சு, பாட்டில மாட்டி, கம்பி போட்டுக் கட்டியிருக்கான். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து களி மாதிரி இறுகிக் கிடந்துச்சு. மேல இருந்த கம்பி வலையும் அடைச்சுப் போச்சு. காத்துக்குப் போக வழியில்ல. எங்க உதடு மெல்லிசோ அங்க முட்டித் தள்ளுது. இன்னும் நாலு சீல் மாத்தியிருந்தாலும் நாலும் போயிருக்கும். தம்பி தலையச் சொறிஞ்சுக்கிட்டு, “ஒழுகக் கூடாதுன்னுதாண்ணா கட்டுனேன்”னான். அவனத் திட்டி என்ன பண்றது? ரெண்டு பட்டறைக்காரங்க கண்ணுலயும் படாதது அவன் கண்ணுல எப்படிப் படும்.

வலையை டீசல்ல ஊறவச்சுக் கழுவி, குழாயச் சுத்தம் பண்ணி மாட்டினோம். பாட்டிலக் கழட்டிக் காயலான் கடைக்குப் போட்டாச்சு. மூடியத் திறந்தா இப்ப லேசா ஆவி மாதிரி மட்டும்தான் வருது. அது அடங்கலைன்னா ரிங் தேஞ்சிருக்குதுன்னு அர்த்தம், அது வேற செலவு. நல்ல காலம்.

அடிபட்ட சீல் அடிபட்டதுதான், தானா ஒட்டிக்காது. வெட்டு முடிஞ்சு, மாசிக்கு மேல கியர்பாக்ஸ் இறக்கிக்கலாம்னு பங்காளிகளோட பேசியாச்சு. அப்போ சீல் உட்கார்ற இடத்துல கிராங்க்ல கோடு விழுந்திருக்குதான்னும் விரல் வச்சுப் பார்த்துட்டுத்தான் புதுசு போடச் சொல்லணும். அதுவரைக்கும் தினம் காலையில, வண்டி சமதரையில நிக்கிறப்போ, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் கம்பிய எடுத்துப் பார்த்து நோட்டுல எழுதணும். எழுதுறது தம்பி வேலை. ராத்திரிக்கு அடியில தகரத் தட்டு வைக்கிறது என் வேலை. சேர்ற ஆயில மண்ணுல ஊத்துறதில்ல, டப்பாவுல சேர்த்து வச்சுக் கலப்பை மேழிக்கும் வேலிக்காலுக்கும் செல்லரிக்காம தடவிடறோம்.

முதல் நாள் ராத்திரி தட்டுல 31 சொட்டு எண்ணினேன். பிரீத்தர் கழுவினதுக்கு அப்புறம் 8. இன்னைக்குக் காலையில 5. நாளைக்கு விடிகாலை நாலு மணிக்குக் கிழங்கு லோடு.